நாற்பத்தோரு ஆண்டுகள் காத்திருந்த கையெழுத்து

புது தில்லி: 2015 ஜூலை 31 நள்ளிரவு. மேற்கு வங்க மாநிலம் கூச் பிஹார் மாவட்டத்தில், தின்ஹாட்டாவை அடுத்த மஷால்டாங்கா என்னும் சிற்றூரில் மூவண்ணக் கொடி ஏற்றப்பட்டது. கூடவே 68 மெழுகுவர்த்திகளும் ஏற்றப்பட்டன. நாடு விடுதலை பெற்று 68 ஆண்டுகள் நிறைவடையவிருந்த வேளையில்தான் அவ்வூர் மக்களுக்கு ஒரு நாடு கிடைத்தது. அதுவரை அவர்கள் நாற்புறமும் இந்தியாவால் சூழப்பட்ட வங்கதேச மண்ணில், இரு நாடுகளாலும் கைவிடப்பட்டவர்களாக வாழ்ந்து வந்தனர்.

அந்த நள்ளிரவுக்கு வழி வகுத்த ஒப்பந்தம் கையெழுத்தான நாள் 1974 மே 16. புது தில்லியில் பிரதமர் இந்திரா காந்தியும் வங்கதேசப் பிரதமர் ஷேக் முஜிபுர் ரஹ்மானும் கையெழுத்திட்டனர். கையெழுத்துக்கும் கொடியேற்றத்துக்கும் இடையே 41 ஆண்டுகள் கழிந்தன. இந்திரா காந்தியில் தொடங்கி நரேந்திர மோடி வரை 12 பேர் இக்காலத்தில் இந்தியாவின் பிரதமர்களாக இருந்தனர். எல்லைக்கு அந்தப்புறம் ராணுவ ஆட்சிகள் வந்து போயின. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இருவருமே படுகொலை செய்யப்பட்டனர். ஒப்பந்தம் மட்டும் கோப்பில் காத்திருந்தது.

இந்தக் கதையை இப்போது நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. அதே வங்கதேசத்துடன் 1996-இல் செய்துகொள்ளப்பட்ட கங்கை நீர்ப் பகிர்வு ஒப்பந்தத்தின் முப்பதாண்டுக் காலம் 2026 டிசம்பர் 12-ஆம் தேதியுடன் நிறைவடைகிறது. மேற்கே பாகிஸ்தானுடனான சிந்து நதி ஒப்பந்தத்தை 2025 ஏப்ரலில் இந்தியா நிறுத்தி வைத்தது. அண்டை நாடுகளுடன் செய்துகொள்ளும் உடன்பாடுகள் எதனால் நிலைக்கின்றன, எதனால் தளர்கின்றன என்பது அறிஞர்கள் மட்டும் ஆராயும் கேள்வியாக இனி இருக்க முடியாது.

நிலத்துக்குள் நிலம்

வங்க மொழியில் "சித்மகால்" என்று அழைக்கப்பட்ட இத்திட்டுகள் எப்படி உருவாயின என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். கூச் பிஹார் மன்னரும் ரங்பூர் நவாபும் சதுரங்கம் ஆடும்போது கிராமங்களைப் பணயம் வைத்தார்களாம்; வென்ற கிராமங்கள் எதிரியின் நிலப்பரப்பில் சிதறிக் கிடந்தனவாம். கதை சுவையானதுதான். ஆனால், வரலாற்று ஆய்வாளர்கள் காட்டும் காரணம் வேறு. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகலாயப் படைக்கும் கூச் பிஹார் அரசுக்கும் இடையே நடந்த போர்கள் உடன்படிக்கையில் முடிந்தன. முகலாயர் வசமான பகுதிகளுக்குள் சில நிலக்கிழார்கள் கூச் பிஹார் மன்னருக்கே விசுவாசமாக இருந்தனர். கூச் பிஹாருக்குள்ளும் சில இடங்கள் முகலாயர் கைவசமே நின்றுவிட்டன. ஆக, இத்திட்டுகளே ஓர் அமைதி உடன்படிக்கையின் மிச்சம்தான்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இதனால் பெரிய தொல்லை ஏதுமில்லை. கூச் பிஹார் ஒரு சமஸ்தானம்; ரங்பூர் ஆங்கிலேயரின் நேரடி ஆட்சிப் பகுதி. மக்கள் தடையின்றிப் போய் வந்தனர். 1947-இல் சர் சிரில் ரேட்கிளிஃப் வரைந்த கோடு ரங்பூரைக் கிழக்குப் பாகிஸ்தானில் சேர்த்தது. கூச் பிஹார் 1949-இல் இந்தியாவுடன் இணைந்து, 1950 ஜனவரி 1 முதல் மேற்கு வங்கத்தின் ஒரு மாவட்டமானது. பழைய வருவாய்க் கணக்குகளில் இருந்த வேறுபாடு, ஒரே இரவில் இரு நாடுகளின் எல்லையாக மாறியது.

கணக்கு இது: வங்கதேசத்துக்குள் இந்தியத் திட்டுகள் 111, பரப்பு 17,160.63 ஏக்கர். இந்தியாவுக்குள் வங்கதேசத் திட்டுகள் 51, பரப்பு 7,110.02 ஏக்கர். திட்டுக்குள் திட்டு, அதற்குள்ளும் ஒரு திட்டு என்ற விந்தையும் இருந்தது. தஹலா காக்ராபாரி என்ற இடம், வங்கதேசத்துக்குள் இருந்த இந்தியத் திட்டினுள் அமைந்த வங்கதேசத் திட்டின் நடுவே கிடந்த இந்திய நிலம். இரண்டு ஏக்கருக்கும் குறைவான அந்த நிலத்தில் சணல் விளைந்தது. உலகில் இப்படி ஒன்று வேறெங்கும் இருந்ததில்லை.

வரைபடத்தில் வேடிக்கையாகத் தோன்றும் இது, அங்கு வாழ்ந்தவர்களுக்கு வேதனையாக இருந்தது. மின்சாரம் வேலிக்கு அப்பால் வரை வரும்; உள்ளே வராது. காவல் நிலையம் இல்லை. எனவே குற்றத்துக்குப் புகாரும் இல்லை. தம் நாட்டுக்குப் போக வேண்டுமென்றால், அடுத்த நாட்டின் மண்ணைக் கடந்தாக வேண்டும். கடப்பதற்குக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டு பெறவோ தம் நாட்டுக்குப் போயாக வேண்டும். குழந்தையைப் பள்ளியில் சேர்க்க, பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைத் தந்தை என்று பதிவு செய்யும் வழக்கம் நிலவியது. பிரசவத்துக்காக மருத்துவமனை சென்ற பெண்கள் கணவர் பெயரை மாற்றிச் சொல்ல நேர்ந்தது. பெற்ற தகப்பனின் பெயரைச் சொல்ல முடியாத குழந்தைகளின் தலைமுறை ஒன்று இப்படியே வளர்ந்தது.

பேருபாரி வழக்கும் கச்சத்தீவும்

சிக்கலைத் தீர்க்க முதல் முயற்சி 1958 செப்டம்பரில் நடந்தது. பிரதமர் ஜவாஹர்லால் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் ஃபெரோஸ் கான் நூனும் திட்டுகளைப் பரிமாறிக்கொள்ள உடன்பட்டனர். ஜல்பைகுரி மாவட்டத்திலிருந்த பேருபாரி 12-ஆம் எண் யூனியனை இரண்டாகப் பிரித்துக்கொள்வதும் அதில் அடங்கும். மேற்கு வங்கத்தில் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. நாட்டின் நிலத்தை வேறொரு நாட்டுக்குக் கொடுக்கப் பிரதமரின் கையெழுத்து போதுமா என்ற கேள்வி எழ, குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார்.

1960 மார்ச்சில் நீதிமன்றம் அளித்த கருத்து, இந்திய அரசமைப்பு வரலாற்றில் ஒரு மைல்கல். இந்திய நிலப்பகுதியை அயல்நாட்டுக்கு அளிப்பதென்றால், 368-ஆவது பிரிவின் கீழ் அரசமைப்புச் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று நீதிமன்றம் கூறிவிட்டது. அதன்படி அதே ஆண்டில் ஒன்பதாவது திருத்தம் நிறைவேறியது. ஆயினும் வழக்குகளும் எதிர்ப்பும் நீடித்ததால் பேருபாரி கைமாறவே இல்லை. 1971-இல் வங்கதேசம் பிறந்ததும் எல்லாவற்றையும் புதிதாகப் பேச வேண்டியதாயிற்று.

1974 மே ஒப்பந்தம் ஒரு கொடுக்கல் வாங்கல். தெற்கு பேருபாரி இந்தியாவிடமே இருக்கும்; தஹகிராம், அங்கர்போட்டா ஆகிய திட்டுகள் வங்கதேசத்திடமே இருக்கும்; அங்கு போய் வர இந்தியா மூன்று பிகா அளவுள்ள ஒரு பாதையை நிரந்தரக் குத்தகைக்கு அளிக்கும்; எஞ்சிய திட்டுகள் பரிமாறிக்கொள்ளப்படும். அதே ஆண்டு நவம்பரிலேயே வங்கதேசம் தன் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தி ஒப்பந்தத்துக்கு ஏற்பளித்துவிட்டது. இந்தியா ஏற்பளிக்கவில்லை. 1975 ஆகஸ்ட் 15-ஆம் தேதி முஜிபுர் ரஹ்மான் படுகொலை செய்யப்பட்டதும், தில்லியில் இருந்த அவசரமும் அடங்கிப் போயிற்று.

தமிழ் வாசகர்களுக்கு இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு தோன்றாமல் இராது. முஜிபுடன் கையெழுத்திட்ட அடுத்த மாதமே, 1974 ஜூனில், அதே இந்திரா காந்தி இலங்கையுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். கச்சத்தீவு இலங்கையின் பக்கம் சென்றது. அதற்கு அரசமைப்புத் திருத்தம் ஏதும் கொண்டுவரப்படவில்லை. கச்சத்தீவின் உரிமை ஐயத்துக்கு இடமானதாக இருந்தது. எனவே அது எல்லை வரையறைதானே தவிர நிலத்தை அளித்தல் ஆகாது என்பதே மத்திய அரசு சொல்லிவந்த விளக்கம். தமிழக சட்டப்பேரவை 1974 ஆகஸ்டிலேயே அதை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2008-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகிய ஜெயலலிதா, தம் மனுவில் பேருபாரி வழக்கையே ஆதாரமாகக் காட்டினார். வடக்கே ஒரு சிறு நிலத்துக்கு அரசமைப்புச் சட்டம் காவல் நின்றது. தெற்கே அந்தக் காவல் ஏன் நிற்கவில்லை என்ற கேள்வி, தமிழகத்தில் இன்றும் ஓயவில்லை.

மூன்று பிகா நிலத்துக்கு 18 ஆண்டுகள்

ஒப்பந்தத்தின் மிகச் சிறிய அங்கமான மூன்று பிகா பாதை படாத பாடு பட்டது. 178 மீட்டர் நீளம், 85 மீட்டர் அகலம், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பாதை திறந்தால், அதற்கு அப்பாலுள்ள குச்லிபாரி கிராமங்கள் இந்தியாவிலிருந்து துண்டிக்கப்படும் என்று அப்பகுதி மக்கள் அஞ்சினர். போராட்டங்கள் நடந்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. குத்தகை என்பது நிலத்தை அளித்தல் ஆகாது என்று 1990-இல் தீர்ப்பு வந்த பிறகு, 1992 ஜூன் 26-ஆம் தேதி பாதை திறக்கப்பட்டது. அதுவும் பகல் வேளையில் ஒரு மணி நேரம் விட்டு ஒரு மணி நேரம். கைக்குழந்தையை மருத்துவரிடம் தூக்கிச் செல்லும் தாயும் கடிகாரத்தைப் பார்த்தே நடக்க வேண்டியிருந்தது. நாள் முழுவதும் பாதை திறந்திருக்கும் நிலை 2011-இல்தான் வந்தது.

அந்த ஆண்டு செப்டம்பர் 6-ஆம் தேதி பிரதமர் மன்மோகன் சிங் டாக்கா சென்றார். 1974 ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதற்கான துணை உடன்பாடு கையெழுத்தானது. அதற்கு முன் ஜூலையில் இரு நாடுகளும் கூட்டாக எடுத்த கணக்கெடுப்பின்படி, இந்தியத் திட்டுகளில் 37,334 பேரும் வங்கதேசத் திட்டுகளில் 14,215 பேரும் வாழ்ந்தனர். ஏறத்தாழ 51,500 பேரின் இருப்பை இரு அரசுகளும் சேர்ந்து ஒப்புக்கொண்டது அதுவே முதல் முறை.

அதே பயணத்தில் கையெழுத்தாக இருந்த தீஸ்தா நதி உடன்பாடு கடைசி நேரத்தில் கைவிடப்பட்டது. அன்றைய மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி, தம் மாநிலத்துக்கு நீர் போதாது என்று கூறிப் பிரதமருடன் செல்ல மறுத்துவிட்டார். அயல்நாட்டு ஒப்பந்தம் மத்திய அரசின் அதிகாரம் என்று அரசமைப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் நதி ஓடுவதும் நிலம் இருப்பதும் மாநிலத்தில். மாநிலத்தைக் கலந்து பேசாத ஒப்பந்தத்தின் கதி என்னவாகும் என்பதற்குத் தீஸ்தா ஒரு பாடம்.

நாடாளுமன்றம் ஒன்றுபட்ட நாள்

2013 டிசம்பரில் மன்மோகன் சிங் அரசு மாநிலங்களவையில் அரசமைப்புத் திருத்த மசோதாவை அறிமுகம் செய்தபோது, திரிணமூல் காங்கிரஸும் அசாம் கண பரிஷத்தும் அவையிலேயே எதிர்த்தன. பாரதிய ஜனதா கட்சியும் அப்போது ஆதரவளிக்க முன்வரவில்லை. இந்திய நிலம் பறிபோகிறது என்பதே எதிர்ப்பின் சாரம். கணக்குப்படி அது தவறும் அல்ல. கொடுப்பது 17,160 ஏக்கர். பெறுவது 7,110 ஏக்கர். ஆனால் கொடுப்பதாகச் சொல்லப்பட்ட நிலத்தில் ஓர் இந்திய அதிகாரிகூடச் சுதந்திரமாகக் கால் வைத்ததில்லை. அங்கிருந்து வரி வசூலித்ததில்லை. வாக்குப்பெட்டி வைத்ததும் இல்லை. ஆவணத்தில் மட்டும் இருந்த நிலம் அது.

2014-இல் ஆட்சி மாறியது. எதிர்த்தவர்கள் ஆளுங்கட்சியாயினர். சசி தரூர் தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு அவ்வாண்டு டிசம்பரில் மசோதாவுக்கு ஆதரவாகப் பரிந்துரை செய்தது. மம்தா பானர்ஜியும், மறுவாழ்வுக்கான செலவை மத்திய அரசு ஏற்க வேண்டும் என்று கோரி, தம் எதிர்ப்பை விலக்கிக்கொண்டார். அசாமை மட்டும் ஒப்பந்தத்திலிருந்து விலக்கும் யோசனை எழுந்து, பின்னர் கைவிடப்பட்டது. 2015 மே 6-ஆம் தேதி மாநிலங்களவையிலும், மறுநாள் மக்களவையிலும் மசோதா ஓர் எதிர்வாக்குக்கூட இன்றி நிறைவேறியது. அரசமைப்புச் சட்டத்தின் நூறாவது திருத்தம் அது. பிரதமர் மோடி எதிர்க்கட்சி வரிசைக்கே சென்று சோனியா காந்தி உள்ளிட்டோருக்கு நன்றி கூறினார். ஜூன் 6-ஆம் தேதி டாக்காவில் ஏற்பு ஆவணங்கள் பரிமாறிக்கொள்ளப்பட்டன.

அதற்கு முந்தைய ஆண்டு நடந்த இன்னொன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். வங்காள விரிகுடாவில் இரு நாடுகளும் உரிமை கோரிய சுமார் 25,600 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பில் 19,467 சதுர கிலோமீட்டரை வங்கதேசத்துக்கு அளித்து, 2014 ஜூலையில் பன்னாட்டு நடுவர் மன்றம் தீர்ப்புக் கூறியது. பெரிய நாடான இந்தியா அதை மறுப்பின்றி ஏற்றது. நிலத்திலும் கடலிலும் எல்லை தீர்ந்தது என்று இரு தலைநகரங்களும் சொல்லிக்கொள்ள முடிந்தது, இந்த இரு செயல்களாலும்தான்.

நாடு கிடைத்தது, வாழ்வு?

எந்த நாட்டின் குடிமக்களாக இருக்க விருப்பம் என்று திட்டுவாசிகளிடம் கேட்கப்பட்டது. இந்தியாவுக்குள் இருந்த வங்கதேசத் திட்டுகளிலிருந்து ஒருவர்கூட வங்கதேசம் போக விரும்பவில்லை. வங்கதேசத்துக்குள் இருந்த இந்தியத் திட்டுகளிலிருந்து இந்தியா வந்தவர்கள் ஆயிரத்துக்கும் குறைவானவர்கள். மற்றவர்கள் பிறந்த மண்ணிலேயே இருந்து வங்கதேசக் குடிமக்களாயினர். நாட்டைவிட நிலமும் வீடும் பெரிதாகத் தோன்றியதில் வியப்பில்லை.

வந்தவர்கள் தின்ஹாட்டா, மேக்லிகஞ்ச், ஹல்திபாரி ஆகிய இடங்களில் தகரக் கொட்டகை முகாம்களில் தங்கவைக்கப்பட்டனர். சுமார் 1,000 கோடி ரூபாய் மறுவாழ்வுத் திட்டத்துக்கு 2015 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சாலைகளும் மின்கம்பங்களும் வந்தன. 2016 சட்டப்பேரவைத் தேர்தலில் அவர்கள் முதன்முறையாக வாக்களித்தனர். ஆனால் உழுது வந்த நிலத்துக்கான பட்டா எளிதில் வரவில்லை. அதற்கான சட்டத் திருத்தத்தை மாநிலப் பேரவை நிறைவேற்றவே 2018 நவம்பர் ஆயிற்று. தற்காலிக முகாம் வாழ்வும் பல ஆண்டுகள் நீண்டது.

2025 இறுதியில் மேற்கு வங்கத்தில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது பழைய அச்சம் மீண்டும் தலைதூக்கியது. 2002-ஆம் ஆண்டுப் பட்டியல் அத்திருத்தத்துக்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. 2015-இல் குடிமக்களானவர்களின் பெயரோ, அவர்தம் பெற்றோரின் பெயரோ அந்தப் பட்டியலில் எவ்வாறு இருக்க முடியும்? நாடாளுமன்றம் ஒருமனதாகக் குடியுரிமை அளித்த மக்கள், பத்தே ஆண்டுகளில் மீண்டும் ஆவணங்களைத் தேட வேண்டிய நிலை வந்தது. ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது என்பது கொடியேற்றத்தோடு முடிந்துவிடுவதில்லை.

கங்கையின் கணக்கு

எல்லைச் சிக்கல் தீர்ந்தாலும் நீரின் சிக்கல் தீரவில்லை. கொல்கத்தா துறைமுகத்தில் மண் படிவதைத் தடுக்க, முர்ஷிதாபாத் மாவட்டத்தில் ஃபராக்கா தடுப்பணை கட்டப்பட்டு 1975-இல் இயங்கத் தொடங்கியது. வங்கதேச எல்லை அங்கிருந்து 20 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் உள்ளது. கோடையில் கங்கை நீர் ஹூக்ளிக்குத் திருப்பப்பட்டதும் கீழே பத்மா நதி மெலிந்தது. 1976 மே மாதம் மௌலானா பாஷானி தலைமையில் ஃபராக்காவை நோக்கி வங்கதேசத்தில் நெடும்பயணம் நடந்தது. அதே ஆண்டு பிரச்னை ஐ.நா. பொதுச் சபை வரை சென்றது.

1977-இல் ஐந்தாண்டு ஒப்பந்தம், 1982-இலும் 1985-இலும் குறுகியகால உடன்பாடுகள் என்று காலம் நகர்ந்தது. 1988-க்குப் பின் எட்டு ஆண்டுகள் எந்த ஒப்பந்தமும் இல்லை. 1996 டிசம்பர் 12-ஆம் தேதி பிரதமர் தேவெ கௌடாவும் ஷேக் ஹசீனாவும் புது தில்லியில் கையெழுத்திட்ட பிறகே அமைதி திரும்பியது. அதற்கு முந்தைய மாதம் மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு டாக்கா சென்று பேசி வழி அமைத்திருந்தார். 1996-இல் மாநிலம் முன்னே சென்றது, ஒப்பந்தம் நிறைவேறியது. 2011-இல் மாநிலம் விலகி நின்றது, தீஸ்தா நின்றுபோனது.

ஒப்பந்தத்தின் கணக்கு தெளிவானது. ஜனவரி முதல் மே வரை, ஃபராக்காவில் நீர்வரத்து நொடிக்கு 70,000 கன அடி வரை இருந்தால் சரிபாதி. 70,000 முதல் 75,000 வரை இருந்தால் வங்கதேசத்துக்கு 35,000, மீதி இந்தியாவுக்கு. 75,000-க்கு மேல் போனால் இந்தியாவுக்கு 40,000, மீதி வங்கதேசத்துக்கு. மார்ச் 11 முதல் மே 10 வரையிலான கடும் வறட்சிக் காலத்தில், பத்து நாள்களுக்கு ஒரு முறை மாறி மாறி இரு நாடுகளுக்கும் 35,000 கன அடி உறுதி. வரத்து 50,000-க்குக் கீழ் இறங்கினால் உடனே கலந்து பேச வேண்டும். ஃபராக்காவிலும், வங்கதேசத்தின் ஹார்டிங் பாலத்திலும் இரு நாட்டு அலுவலர்களும் சேர்ந்து அளவெடுப்பர்.

காவிரியில் மாதவாரிக் கணக்குக்காகப் பல்லாண்டு போராடிய தமிழகத்துக்கு இத்தகைய எண்களின் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "போதிய நீர்" என்று எழுதினால் சண்டை வரும். "35,000 கன அடி" என்று எழுதினால் அளந்து பார்க்கலாம். இரு நாடுகளிலும் ஆட்சிகள் பல முறை மாறியும் இந்த ஒப்பந்தம் முறியாமல் இருந்ததற்கு, அளக்கக்கூடிய எண்களும் அளப்பதற்கான கூட்டு ஏற்பாடும் முக்கியக் காரணம்.

இரு தரப்பும் உடன்பட்டால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாம். 2024 ஜூனில் ஹசீனா புது தில்லி வந்தபோது, அதற்கான தொழில்நுட்பப் பேச்சைத் தொடங்குவதாக அறிவிக்கப்பட்டது. தம்மைக் கலக்காமல் பேசுவதா என்று மம்தா பானர்ஜி உடனே பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஃபராக்காவால் மால்டா, முர்ஷிதாபாத் மாவட்டங்களில் கரை அரிக்கப்படுகிறது என்பது மேற்கு வங்கத்தின் குறை. மண் படிந்து வெள்ளம் வருகிறது. தடுப்பணையையே அகற்றுங்கள் என்று 2016-இல் பிஹார் முதல்வராக இருந்த நிதீஷ் குமார் கேட்டதும் உண்டு. எனவே புதிய ஒப்பந்தம் தில்லியும் டாக்காவும் மட்டும் பேசி முடிக்கக்கூடியதன்று.

2024 ஆகஸ்ட் 5-ஆம் தேதி மாணவர் எழுச்சியால் ஹசீனா பதவியிழந்து இந்தியாவில் அடைக்கலம் புகுந்தார். அவரது ஆட்சியில் இந்தியாவுக்குக் கிடைத்த ஒத்துழைப்பு பெரிது. ஆனால் ஒரு கட்சியுடனான நட்பையே ஒரு நாட்டுடனான நட்பாகக் கொண்டுவிட்டோமா என்ற கேள்வி அதன்பின் தில்லியிலேயே எழுந்தது. இரு நாடுகளையும் இணைக்கும் நதிகள் 54. அவற்றில் கங்கைக்கு மட்டுமே முழுமையான பகிர்வு ஒப்பந்தம் இருக்கிறது. குஷியாரா நதியில் சிறிதளவு நீர் எடுப்பதற்கான உடன்பாடு 2022-இல் கையெழுத்தானது. நெருக்கமான நண்பர்கள் ஆட்சியில் இருந்த காலத்திலும் தீஸ்தா தீரவில்லை என்ற மனக்குறை வங்கதேசத்தில் ஆழமாக உள்ளது.

நடுவில் நிற்கும் நாடு

1960 செப்டம்பர் 19-ஆம் தேதி கராச்சியில் நேருவும் அயூப் கானும் கையெழுத்திட்ட சிந்து ஒப்பந்தம் 1965, 1971, 1999 போர்களைத் தாண்டி நின்றது. 2025 ஏப்ரல் 22-ஆம் தேதி பஹல்காமில் 26 பேர் பயங்கரவாதிகளால் கொல்லப்பட்டதற்கு மறுநாள், அதை நிறுத்தி வைப்பதாக இந்தியா அறிவித்தது. எல்லை தாண்டிய பயங்கரவாதத்தைப் பாகிஸ்தான் கைவிடும் வரை இந்நிலை தொடரும் என்பது அரசின் நிலைப்பாடு. பதிலுக்கு, 1972 சிம்லா ஒப்பந்தத்தை நிறுத்தி வைக்கும் உரிமை தனக்கு உண்டு என்று பாகிஸ்தான் அறிவித்தது. குடிமக்களைக் கொன்று குவிப்பதைக் கண்டும் காணாமல் இருந்துகொண்டு ஒப்பந்தத்தின் பயனை மட்டும் கேட்க முடியாது என்ற வாதத்தின் நியாயத்தை எவரும் மறுக்க இயலாது.

ஆனால் வங்கதேசத்தின் நிலை வேறு. அங்குள்ள ஓர் உழவன் சிந்துவைப் பற்றி வரும் செய்தியைப் படிக்கும்போது, அவன் மனத்தில் எழுவது பத்மாவைப் பற்றிய கவலையாகத்தான் இருக்கும். கங்கை ஒப்பந்தம் உரிய காலத்தில் புதுப்பிக்கப்படுவதே அந்தக் கவலைக்குச் சரியான விடை.

இந்தியா மேல்மடையில் மட்டும் இல்லை. பிரம்மபுத்திரா திபெத்திலிருந்து வருகிறது. அதன் நீரைப் பகிர்வதற்குச் சீனாவுடன் ஒப்பந்தம் எதுவும் இல்லை. வெள்ளக் காலத் தகவல் பரிமாற்றத்துக்கு இருந்த உடன்பாடும் 2023 ஜூனில் காலாவதியானது. 2025 ஜூலையில் சீனா திபெத்தின் மேதோக் பகுதியில் மாபெரும் நீர்மின் திட்டத்தைத் தொடங்கியது. கடைமடையில் இருப்பவனுக்கும் உரிமை உண்டு என்று நாளை பெய்ஜிங்கிடம் வாதாட வேண்டிய நாடு, அதே நெறியை டாக்காவிடம் இன்று காட்டியிருந்தால்தான் வாதத்துக்கு வலு இருக்கும்.

வட்டார அமைப்பான சார்க் இதற்குக் கைகொடுக்கும் நிலையில் இல்லை. 1985-இல் டாக்காவில் தொடங்கிய அந்த அமைப்பின் உச்சி மாநாடு 2014-இல் காத்மாண்டுவில் கூடியதோடு நின்றுவிட்டது. இருதரப்புச் சச்சரவுகளை அங்கு பேசக் கூடாது என்று அதன் சாசனமே சொல்கிறது. எனவே தெற்காசியாவில் எந்த உடன்பாடும் இரு நாடுகள் நேருக்கு நேர் அமர்ந்து பேசியே உருவாக வேண்டியிருக்கிறது. அத்தகைய உடன்பாடு நிலைக்க என்ன வேண்டும் என்பதை வங்கதேச அனுபவம் தெளிவாகக் காட்டுகிறது. எல்லைப்புற மாநிலத்தின் இசைவு முதலிலேயே பெறப்பட வேண்டும். ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் இடம் மாறினாலும் நிலைப்பாடு மாறாதிருக்க வேண்டும். எண்கள் அளக்கக்கூடியனவாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒப்பந்தத்தால் வாழ்வு மாறும் மக்கள் கடைசி வரை கவனிக்கப்பட வேண்டும்.

காலம் தாழ்த்துவதற்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பவர்கள் தலைநகரில் இருப்பவர்கள் அல்லர். மஷால்டாங்காவில் அன்றிரவு ஏற்றப்பட்ட 68 மெழுகுவர்த்திகளில் 27, ஒப்பந்தமே இல்லாத ஆண்டுகளுக்கு உரியவை. மீதி 41, ஒப்பந்தம் கையெழுத்தாகியும் நிறைவேற்றப்படாத ஆண்டுகளுக்கு உரியவை.